வஸ்வாஸ் பேணுதலல்ல, நோய்

வுழூச் செய்யப் போன உங்கள் மகள் அரை மணித்தியாலமாகியும் பைப்படியை விட்டு வரவில்லையா? கழுவிய முழங்கையையே திரும்பத் திரும்பக் கழுவுகிறாளா? நிய்யத் சரியாக அமையவில்லையென்று தக்பீர் கட்டுவதும் விடுவதுமாக அழுகிறாளா? 'பிள்ளைக்கு நல்ல பேணுதல்' என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 'ஈமான் குறைவு' என்று ஏசவும் வேண்டாம்.

சந்தேகம் எவருக்கும் வரும், போகும். போகாமல் நின்று, நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, படிப்பையும் வீட்டு வேலையையும் குலைக்குமாயின் அது நோய். வைத்தியர்கள் ஓ.ஸீ.டி. என்பார்கள். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) வபாத்தான அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, கோபம், அச்சம், கவலை என்பவற்றோடு வஸ்வாஸையும் உள்ளத்தைப் பீடிப்பவற்றில் ஒன்றாக வைத்தே எழுதினார்.

கழுவியதும் சற்று நிம்மதி வரும். பொறியே அதுதான். 'கழுவியதால் தப்பினேன்' என்று மனம் படித்துக்கொள்ளும். பிறகு மூன்று தடவை போதாது, பத்து வேண்டும். 'உம்மா, என் வுழூ சரிதானே?' என்று கேட்கும்போதெல்லாம் இரக்கப்பட்டு 'சரி மகள்' என்று நீங்கள் சொல்வதும் இன்னொரு தடவை கழுவுவதற்குச் சமன்.

எனவே சிகிச்சையில், சந்தேகம் இருக்கவே கழுவாமல் நிற்கச் சிறிது சிறிதாகப் பழக்குவார்கள். முதலில் பதற்றம் ஏறும். பழகப் பழகக் குறையும். தேவையானால் ஃபுளுவொக்ஸெட்டின் போன்ற மாத்திரையும் கொடுப்பார்கள். பலன் தெரியப் பல வாரங்கள் செல்லும். வைத்தியரைக் கேளாமல் நிறுத்திவிடாதீர்கள்.

இதற்கு ஃபிக்ஹு துணையே தவிரத் தடையல்ல. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது அதன் அடிப்படை விதி. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத், அதாவது சுமார் முக்கால் லீற்றர் தண்ணீரில் வுழூச் செய்திருக்கிறார்கள். தக்பீரோடு நிய்யத் வழக்கமான அளவில் சேர்ந்திருந்தால் போதும் என்பதையே நம் மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) தெரிவுசெய்தார்கள். அல்லாஹ்வைப் பற்றித் தகாத எண்ணம் வந்து 'காபிராகிவிட்டேனோ' என்று ஒடுங்கும் பெண்களும் உளர். வாயால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் ஸஹாபாக்களுக்கும் வந்தன. அந்த அச்சத்தை நபியவர்கள் ஈமானின் அடையாளமாகவே கண்டார்கள்.

ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் அதோடு நிற்காதீர்கள். கலியாணம் முடித்தால் சரியாகும் என்பார்கள். மாப்பிள்ளை வீட்டிலும் பைப் இருக்கிறதல்லவா? பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம். போகுமுன், நாளில் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் கழுவுகிறாள் என்று ஒரு வாரம் குறித்து வைத்து, அந்தத் தாளையும் கொண்டு போங்கள்.