மூச்சுக்குழலின் பூட்டும் சாவியும்

ஆஸ்துமா என்னும் இழைப்பு நோய்க்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை மருந்துகளை உறிஞ்சச் சொல்கின்றனர். ஒன்றை உறிஞ்சிய சில நிமிடங்களில் இழைப்பு தணிகிறது. மற்றொன்றினால் உடனடியாக எந்தப் பயனும் தெரிவதில்லை. ஆகவே, நோயாளிகள் பலர் முதல் மருந்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டு விடுகின்றனர். இது ஆபத்தானது. ஏன் என்பதை அறிய, மூச்சுக்குழலின் செல்களில் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

ஏற்பி என்பது யாது?

செல்கள் பெரும்பாலும் வேதிப்பொருள்களின் மூலமே ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. இவற்றைத் தூதுப்பொருள்கள் எனலாம். செய்தியைப் பெறுவதற்குச் செல்களில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. பூட்டுக்கு ஏற்ற சாவிபோல, ஒரு தூதுப்பொருள் தனக்குரிய ஏற்பிகளில்தான் பொருந்தும். பொருந்தியதும் செல் தன் வேலையைத் தொடங்கும்.

அழற்சி மூளும் விதம்

வீட்டுத் தூசியிலுள்ள நுண்ணிய உண்ணிகள், பூந்தாதுகள் ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை தருகின்றன. இவர்கள் உடலில் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புரதம் மிகுதியாக உண்டாகிறது. இதனை 1966-இல் கண்டறிந்து அறிவித்தவர்கள், அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே இஷிசாகாவும் டெருகோ இஷிசாகாவும் ஆவர். இந்தப் புரதம் மூச்சுக்குழலிலுள்ள மாஸ்ட் செல்களின் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே தூசி மீண்டும் வந்து சேர்ந்தால், மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் முதலிய தூதுப்பொருள்களை வெளியிடுகின்றன.

லூக்கோட்ரையீன்களின் வேதியமைப்பை 1979-இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி பெங்ட் சாமுவேல்சனின் குழு தெளிவாக்கியது. இவை குழல் தசையின் ஏற்பிகளில் பொருந்தியதும் தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி பெருகுகிறது. மூச்சு முட்டுகிறது. இத்துடன் முடிவதில்லை. இன்டர்லூக்கின்-5 போன்ற வேறு தூதுப்பொருள்களின் தூண்டுதலால் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் பெருகிக் குழலின் சுவரில் குவிகின்றன. இழைப்பு நின்ற பின்னரும் இவை அங்கேயே தங்கி, திசுவை நாளடைவில் சிதைக்கின்றன.

இரு மருந்துகள், இரு வேலைகள்

அட்ரீனலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உண்டு என 1948-இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் விளக்கினார். இதயத்தில் பீட்டா-1 ஏற்பிகளும், மூச்சுக்குழல் தசையில் பீட்டா-2 ஏற்பிகளும் மிகுந்திருப்பது பின்னர் தெரிந்தது. 1969-இல் வழக்கிற்கு வந்த சால்பியூட்டமால், முக்கியமாகப் பீட்டா-2 பூட்டுக்கு ஏற்ற சாவி. அது பொருந்தியதும் செல்லினுள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் பொருள் பெருகி, தசை தளர்கிறது, குழல் விரிகிறது.

ஆனால், சுவரில் குவிந்த வெள்ளணுக்களை இம்மருந்து அகற்றுவதில்லை. தீப்பிடித்த வீட்டில் சன்னலைத் திறந்துவிடுவது போன்றதே இது. புகை சற்று விலகும், தீ அணையாது. அடிக்கடி இதையே பயன்படுத்தினால் பீட்டா-2 ஏற்பிகளும் குறையக்கூடும்.

தீயை அணைப்பது இரண்டாவது மருந்தான ஸ்டீராய்டு. இதன் ஏற்பி செல்லின் மேற்பரப்பில் இல்லை, உள்ளே இருக்கிறது. மருந்து உட்புகுந்து ஏற்பியுடன் இணைந்ததும், அவ்விணை உட்கருவிற்குச் சென்று, அழற்சித் தூதுப்பொருள்களை உண்டாக்கும் மரபணுக்களை அடக்குகிறது. எனவேதான் முழுப்பயன் தெரிய நாட்களோ வாரங்களோ ஆகின்றன. பீட்டா-2 ஏற்பிகள் கூடுதலாக உருவாகவும் இது உதவுகிறது.

நினைவில் கொள்ள வேண்டியது

பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் ஆஸ்துமாவிற்குச் சால்பியூட்டமால் போன்ற மருந்தை மட்டும் நம்பியிருக்கலாகாது என்று 2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டி நெறிகள் அறிவுறுத்தின. ஐ.ஜி.இ., இன்டர்லூக்கின்-5 ஆகியவற்றையே தடுத்து நிறுத்தும் ஊசி மருந்துகளும் இன்று உள்ளன. எனினும் இவை விலை மிகுந்தவை. கடுமையான நோய்க்கே தரப்படுபவை. பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டை முறையாக உறிஞ்சுவதே போதும். உடல் நலமாக இருக்கிறதே என்று மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தலாகாது. இழைப்பைத் தணிக்கும் மருந்து முன்பைவிட அடிக்கடி தேவைப்பட்டால், உள்ளே தீ மூண்டிருக்கிறது என்றே பொருள். அப்போது தாமதியாமல் மருத்துவரை அணுக வேண்டும்.