குளியலறைக்குள் எரியும் நெருப்பு: கேஸ் கீசர் உள்ள வீடுகளின் கவனத்திற்கு

குளிர்காலம் தொடங்கியதும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சிலர் ஏறத்தாழ ஒரே விதமான செய்தியோடு அழைத்து வரப்படுகின்றனர். குளிக்கச் சென்றவர் நெடுநேரமாகியும் வெளியே வரவில்லை. கதவைத் தட்டியும் பதில் இல்லை. தாழ்ப்பாளை உடைத்துப் பார்த்தபோது மயங்கிக் கிடந்தார். வழுக்கி விழுந்திருப்பார் என்றோ, மாரடைப்பு என்றோ, வலிப்பு என்றோ உடன் வந்தவர்கள் கூறுவர். அவற்றுள் எதுவும் உண்மையாக இருக்கக்கூடும். ஆயினும் அவற்றோடு நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "குளியலறைக்குள் கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்ததா?"

இக்கேள்வி கேட்கப்படாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு ஒரு நோயாளியின் வரலாற்றைக் கூறலாம். இளம்பெண் ஒருவர் இரு முறை குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தார். மூளை ஸ்கேனிலும் ஈ.ஈ.ஜி. பரிசோதனையிலும் குறை ஏதும் தென்படவில்லை. எனினும் வலிப்பு நோய் எனக் கருதி மாத்திரைகள் தொடங்கப்பட்டன. நடந்துகொண்டிருந்த திருமணப் பேச்சும் நின்றுபோயிற்று. எங்களிடம் வந்தபோது, இரு முறையும் என்ன செய்துகொண்டிருந்தார் என்று விசாரித்தோம். இரண்டும் தலைக்குக் குளித்த நாள்கள். இரண்டும் கதவும் ஜன்னலும் மூடிய அறையில், கீசர் எரிந்துகொண்டிருக்கையில் நிகழ்ந்தவை. குடும்பத்தினர் கீசரைப் பால்கனிக்கு மாற்றினர். நாங்கள் மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். அதன்பின் அவருக்கு வலிப்பு வரவில்லை. (வலிப்பு மாத்திரைகளை எவரும் மருத்துவரைக் கேளாமல் தாமாக நிறுத்தலாகாது.)

அறைக்குள் நிகழ்வது என்ன?

சமையல் எரிவாயு முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. அதற்குப் போதிய காற்று வேண்டும். ஒரு கிலோ எரிவாயு முற்றிலும் எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று தேவை. வீடுகளில் பரவலாக உள்ள 6 லிட்டர் கீசர் 10 நிமிடத்தில் சுமார் 150 கிராம் எரிவாயுவை எரிக்கிறது எனக் கொள்வோம். அதற்கு ஏறக்குறைய 2 கன மீட்டர் காற்று செலவாகும். ஐந்தடி அகலமும் ஆறடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள குளியலறையில் மொத்தமாக இருப்பதே 7 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவான காற்றுதான். காற்றோட்டம் இல்லையெனில், 10 நிமிடக் குளியலில் அவ்வறையின் ஆக்சிஜனில் கால் பங்குக்கு மேல் அந்நெருப்பே எடுத்துக்கொண்டுவிடும்.

ஆக்சிஜன் குறையக் குறைய எரிவாயு அரைகுறையாக எரியத் தொடங்குகிறது. அப்போது உண்டாவதே கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணையோ தொண்டையையோ அது உறுத்துவதுமில்லை. சிலிண்டரிலிருந்து கசியும் எரிவாயுவில் நாற்றம் சேர்க்கப்பட்டிருப்பதால் மூக்கு எச்சரித்துவிடும். எரிந்த பின் உண்டாகும் இந்த வாயுவுக்கோ அத்தகைய அடையாளம் ஏதுமில்லை.

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், கார்பன் மோனாக்சைடோடு ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துகொள்கிறது. எனவே மூச்சு சீராக இருந்தும் மூளையும் இதயமும் ஆக்சிஜனின்றித் தவிக்கின்றன. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி, குழப்பம் என்று தொடங்கி வலிப்பும் மயக்கமும் வரை அது செல்லும். உடல் தளர்ந்துவிடுவதால், ஏதோ சரியில்லை என உணர்ந்தவராலும் எழுந்து தாழ்ப்பாளைத் திறக்க இயலாமல் போகிறது.

எவருக்கு ஆபத்து அதிகம்?

இதய நோயாளிகள், ரத்தசோகை உள்ளோர், முதியோர், குழந்தைகள் ஆகியோர் விரைவில் பாதிக்கப்படுவர். கருவுற்ற தாய் தேறிவிட்டதாகத் தோன்றினாலும், கருவிலுள்ள குழந்தையின் ரத்தத்திலிருந்து நச்சு வாயு மெதுவாகவே நீங்கும். ஆதலால் லேசான அறிகுறியாயினும் அவர் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும். நோயாளியைக் குளிப்பாட்டும் பராமரிப்பாளரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். வேலை செய்துகொண்டிருப்பதால் வேகமாகவே சுவாசிக்கிறார்.

தீபாவளியன்று விடியற்காலையில் வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக எண்ணெய்க் குளியல் செய்வது நம் வழக்கம். ஒவ்வொருவரும் விட்டுச் சென்ற காற்றே அடுத்தவருக்குக் கிடைக்கிறது. கடைசியாகக் குளிப்பவர் பெரும்பாலும் வீட்டு வேலைகளை முடித்துவிட்டு வரும் தாயார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

முதன்மையான விதி ஒன்றே: வெந்நீர் உள்ளே வரலாம், நெருப்பு வெளியே இருக்க வேண்டும். கீசரைப் பால்கனி, திறந்த தாழ்வாரம் போன்ற காற்றோட்டமான இடத்தில் பொருத்தி, குழாய் வழியாக வெந்நீரை மட்டும் குளியலறைக்குக் கொண்டு வாருங்கள். குளிர்நாடுகளில் வீட்டுக்குள் பொருத்தப்படும் நவீன கேஸ் பாய்லர்களும் இதே விதியைத்தான் பின்பற்றுகின்றன. எரியும் பகுதி மூடப்பட்டிருக்கும். காற்று வெளியிலிருந்தே வந்து, புகை வெளியிலேயே சென்றுவிடும்.

வாடகை வீடு, இடமின்மை முதலிய காரணங்களால் உடனே மாற்ற இயலாதோர், கதவையும் ஜன்னலையும் நன்கு திறந்துவைத்து வாளிகளை நிரப்பிக்கொள்ளுங்கள். நிரப்பும்போது உள்ளே நிற்க வேண்டாம். பின்னர் கீசரை அணைத்துவிட்டு, சில நிமிடம் காற்றோட விட்டு, அதன் பிறகே உள்ளே சென்று குளியுங்கள். எரியும் கீசரோடு மூடிய அறைக்குள் எவரும் இருக்கலாகாது.

குளிருக்கு அஞ்சி வென்டிலேட்டரைச் செய்தித்தாளாலோ பிளாஸ்டிக் தாளாலோ அடைக்காதீர்கள். எக்ஸாஸ்ட் விசிறி இருந்தால் போதும் என்று எண்ண வேண்டாம்; வெளிக்காற்று உள்ளே வர வழியில்லையெனில் அவ்விசிறியால் பயன் மிகக் குறைவு. சில கீசர்கள் 20 நிமிடத்தில் தாமாகவே அணைந்துவிடும். சிறிய அறையில் ஆபத்து நேர அவ்வளவு நேரம் தேவையில்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கருவியையே வாங்கி, பயிற்சி பெற்றவரைக் கொண்டு பொருத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பழுது பார்க்கச் சொல்லுங்கள். சுடர் மஞ்சளாக எரிந்தாலோ கருவியின் மேல் கரி படிந்தாலோ பயன்படுத்துவதை நிறுத்துங்கள். சுடர் நீலமாக இருப்பதால் மட்டும் அறை பாதுகாப்பானது என்றாகிவிடாது. ரப்பர் குழாயை 5 ஆண்டுகளுக்குள் மாற்றிவிடுங்கள். எரிவாயு நாற்றம் வந்தால் மின்விசைகளைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேறி, 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

மூடிய அறையில் வைக்கும் கரி அடுப்பும் இதே நஞ்சைத்தான் தருகிறது. பிரசவித்த தாயும் சேயும் உறங்கும் அறையில் குளிர்காய நெருப்புச் சட்டி வைக்கும் வழக்கத்தை அருள்கூர்ந்து கைவிடுங்கள்.

ஒருவர் மயங்கிக் கிடந்தால்

கதவைத் திறந்து அல்லது உடைத்து, அவரை உடனே திறந்த வெளிக்கு இழுத்து வாருங்கள். அறைக்குள் நின்று முதலுதவி செய்யாதீர்கள். காப்பாற்றச் சென்றவரும் அங்கேயே மயங்கி விழக்கூடும். கீசரையும் எரிவாயுவையும் மூடச் சொல்லுங்கள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையெனில், பயிற்சி பெற்றவர் உடனே மார்பு அழுத்த முதலுதவியைத் தொடங்கட்டும்.

பலரது வீட்டில் இன்று விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் கருவி உள்ளது. இந்நோயில் அதனை நம்பாதீர்கள். சாதாரணக் கருவி கார்பன் மோனாக்சைடு பிணைந்த ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் உள்ளதாகவே கணக்கிட்டு, 98 அல்லது 99 என்று காட்டக்கூடும். உண்மை நிலையைத் தனி ரத்தப் பரிசோதனையால் மட்டுமே அறிய இயலும். அப்பரிசோதனையைச் செய்யத் தூண்டுவது, "கீசர் எரிந்துகொண்டிருந்தது" என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியமே.

சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள நச்சு வாயு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு அளவில் ஆக்சிஜன் செலுத்தினால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் அது நிகழும். ஆகவே, கண் விழித்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். தேறிச் சென்றோரில் சிலருக்குச் சில நாள்கள் அல்லது வாரங்கள் கழித்து மறதி, நடைத் தடுமாற்றம், குணமாற்றம் ஆகியவை தோன்றுவதுண்டு. அவ்வாறு ஏதும் கண்டால் தாமதமின்றி எங்களிடம் அழைத்து வாருங்கள்.

இன்று மாலை உங்கள் குளியலறையை ஒருமுறை பாருங்கள். கீசர் எங்கே இருக்கிறது, காற்று எவ்வழியே வருகிறது என்று கவனியுங்கள். கீசர் உள்ளே இருந்தால், அதை வெளியே மாற்றும் நாள் வரை, வாளியை நிரப்பி நெருப்பை அணைத்த பின்பே குளிப்பது என வீட்டார் அனைவரும் முடிவு செய்துகொள்ளுங்கள்.