எவரெஸ்ட்டுக்கு ஒரு மோர்மிளகாய்ப் பக்குவம்

2025 மே 18 அன்று நமது தேசிய மாணவர் படையின் அணி ஒன்று எவரெஸ்ட் உச்சியை எட்டியது. அணியில் இருந்த கேடட்கள் 10 பேர்: பெண்கள் 5, ஆண்கள் 5. சராசரி வயது 19. தேர்வு தொடங்கியபோது எல்லோருமே மலையேற்றத்துக்குப் புதியவர்கள். இதற்கு முன் 2013-லும் 2016-லும் மாணவர் படை அங்கே போய் வந்திருக்கிறது. இது மூன்றாவது முறை.

உச்சியில் நிற்பது சில நிமிடங்கள்தான். அதற்காக இவர்கள் தயாரானது ஏறக்குறைய 2 ஆண்டுகள். அந்த 2 ஆண்டுகளில் என்னதான் நடக்கிறது? கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்த பிள்ளையை 8,849 மீட்டர் உயரத்துக்கு எப்படித் தயார்செய்கிறார்கள்? இதைப் புரிந்துகொள்ள மலையைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டு அடுக்களைச் சாமான்களே போதும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில்: ஒரு படி அரிசி, ஒரு படி பொரி

மேலே போனால் ஆக்ஸிஜன் குறைந்துவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு சென்னைக் கடற்கரையிலும் 21 சதவீதம், எவரெஸ்ட் உச்சியிலும் அதே 21 சதவீதம். அப்படியென்றால் குறைவது எது?

ஒரு படி எடுங்கள். அதில் அரிசியை அளந்து நிறுத்துப் பாருங்கள். பிறகு அதே படியில் பொரியை அளந்து நிறுங்கள். இரண்டு முறையும் படி நிறைந்துதான் இருக்கிறது. எடையில்தான் எவ்வளவு வித்தியாசம்! நம் நுரையீரலும் ஒரு படிதான். கடற்கரையில் அதில் அரிசி விழுகிறது. மலையில் பொரி விழுகிறது. ஏனென்றால் கீழே இருக்கும் காற்றின் மேல், அதற்கு மேலுள்ள காற்று முழுவதும் உட்கார்ந்து அழுத்துகிறது. மேலே போகப் போக அந்தப் பாரம் குறைகிறது, காற்று உதிரியாகிறது. 5,500 மீட்டரில் அழுத்தம் பாதியாகிவிடும். உச்சியிலோ மூன்றில் ஒரு பங்குதான்.

ஆக, ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அதே கணக்கில் குறைகிறது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் நெஞ்சு நிறையும், வயிறு நிறையாது.

பிறகு: மூடி திறந்த குக்கர்

இந்த அழுத்தத்தை நாம் தினமும் பார்க்கிறோம், குக்கரில். மூடி போட்டதும் உள்ளே அழுத்தம் ஏறும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறும். பருப்பு சீக்கிரம் குழைந்துவிடும். மலையில் இது அப்படியே தலைகீழ். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 82 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று அரிசியைப் போட்டால் வெந்துதீராது. அதனால்தான் மலை முகாம்களின் சமையல் கூடாரத்தில் குக்கர் விசில் சத்தம் கேட்கும்.

அரிசிக்குக் குக்கர் கொடுத்துவிடலாம், மனித உடம்புக்கு முடியாது. அது திறந்த பாத்திரத்திலேயே வெந்தாக வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். தயாரிப்பு முழுவதுமே அந்த நேரத்தை எப்படிக் கொடுப்பது என்ற கலைதான்.

அடுத்து: முறம், சல்லடை, அரிக்கஞ்சட்டி

இப்போது தேர்வுக்கு வருவோம். நாடு முழுவதும் 17 இயக்ககங்களாகப் பரந்திருக்கும் படை இது. அத்தனை பேரிலிருந்து பத்துப் பேரை எடுக்க வேண்டும். ஒரே சோதனையில் நடக்கிற காரியமா?

எங்கள் அம்மாச்சி அரிசியைச் சுத்தம் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் முறத்தில் போட்டுப் புடைப்பார். உமியும் பதரும் பறந்துவிடும். பிறகு சல்லடையில் சலிப்பார். குறுநொய்யும் தூசியும் கீழே இறங்கிவிடும். ஆனாலும் அரிசி நிறத்திலேயே, அரிசி அளவிலேயே இருக்கும் வெள்ளைக் கல்லை முறத்துக்கும் தெரியாது, சல்லடைக்கும் தெரியாது. அதற்குத்தான் உள்பக்கம் வரிவரியாக இருக்கும் அரிக்கஞ்சட்டி. அரிசியைத் தண்ணீரோடு அதில் விட்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்து மெல்ல அலசுவார். அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும். கல் மட்டும் வரியில் தங்கி, கடைசியில் 'டிக்' என்று ஓர் ஓசை கேட்கும்.

கேடட் தேர்விலும் இதே மூன்றும் உண்டு. முறம் என்பது மருத்துவப் பரிசோதனை: இதயம், நுரையீரல், ரத்தம், பழைய நோய்கள். சல்லடை என்பது உடல்தகுதி: ஓட்டம், பாரம் சுமந்து நடப்பது, கயிறு ஏறுவது. அரிக்கஞ்சட்டி என்பது மலையேதான். உயரத்துக்கு ஓர் உடம்பு எப்படி ஈடுகொடுக்கும் என்பதைச் சமவெளியில் இருந்துகொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கல்லூரியின் ஓட்டப்பந்தய வீரர் 4,000 மீட்டரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம்; சாதாரணமாக ஓடுகிற பெண் அங்கே சிரித்துக்கொண்டே தேநீர் குடிக்கலாம். உயரத்தில் இறக்கி அலசிப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால்தான் 2025 அணியை எவரெஸ்ட்டுக்கு முன் உத்தராகண்டில் உள்ள அபி காமின் சிகரத்துக்கு அழைத்துப்போனார்கள். அதன் உயரம் 7,355 மீட்டர். அதை ஏறி முடித்த பிறகு 15 பேரைத் தேர்ந்தெடுத்து, சியாச்சின் அடிவாரத்தில் இருக்கும் ராணுவ மலையேற்ற நிறுவனத்தில் குளிர்காலப் பயிற்சி கொடுத்தார்கள். அதிலிருந்துதான் கடைசிப் பத்துப் பேர். தயாரிப்பும் தேர்வும் ஒரே சட்டியில் நடந்தன.

கைப்பழக்கம்: சட்டைக்குள் ஏறும் புல்கதிர்

அடுத்து, கைத்தொழில். இந்தியாவில் இதைக் கற்றுக்கொடுக்கவே நிறுவனங்கள் இருக்கின்றன. டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் 1954-ல் தொடங்கப்பட்டது. எட்மண்ட் ஹிலாரியோடு எவரெஸ்ட் ஏறிய டென்சிங் நோர்கேதான் அங்கே களப்பயிற்சியின் முதல் இயக்குநர். உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் 1965-ல் வந்தது. அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய 4 வாரம். அதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைப் பயிற்சிக்குப் போக முடியும்.

அங்கே முதலில் பாறை, பிறகு பனி. முடிச்சுப் போடுவது, பூட்ஸுக்கு அடியில் கிராம்பான் என்ற இரும்புப் பற்களைக் கட்டி நடப்பது, சறுக்கினால் பனிக்கோடரியைக் குத்தித் தன்னை நிறுத்துவது எல்லாம் வரும். இதில் ஜூமார் என்றொரு பிடியைப் பாருங்கள். மலையில் கட்டிவைத்த கயிற்றில் இதை மாட்டினால் மேலே தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போகும். கீழே இழுத்தால் கவ்விக்கொள்ளும். சின்ன வயதில் புல்கதிரைச் சட்டைக்கைக்குள் தலைகீழாகச் செருகி விளையாடியிருப்பீர்கள். கையை ஆட்ட ஆட்ட அது மேலே ஏறுமே தவிர, இறங்காது. கதிரின் முட்கள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதுதான் காரணம். ஜூமாருக்குள்ளும் அப்படிச் சாய்ந்த பற்கள்தான்.

முடிச்சு ஒன்றும் கஷ்டமான வித்தை இல்லை. ஆனால் அதைத் தடித்த கையுறையோடு, இருட்டில், பசியில், மூளை மந்தமாக இருக்கும் நேரத்தில் போட வேண்டும். அதனால் திரும்பத் திரும்பப் போடவைக்கிறார்கள். பார்க்காமலே கோலத்துக்குப் புள்ளி வைக்கும் விரல்கள் இருக்கின்றன அல்லவா? அந்தப் பழக்கம் விரலுக்கு வர வேண்டும்.

இப்போது முக்கியமான கட்டம்: மோர்மிளகாய்

மோர்மிளகாய் போடத் தெரிந்தவர்களுக்கு மலையேற்றத்தின் பெரிய பாடம் ஏற்கெனவே தெரியும். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ராத்திரி முழுக்க ஊறவைக்கிறோம். காலையில் எடுத்து வெயிலில் காயவைக்கிறோம். சாயங்காலம் மறுபடி அதே மோரில் போடுகிறோம். மறுநாள் மறுபடி வெயில். மோர் வற்றும்வரை இப்படி நாலைந்து நாள் போகும். ஒரே நாளில் முடிக்கலாம் என்று நினைத்தால் மிளகாய் வெளியே காய்ந்து, உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

மலையிலும் அதே முறைதான். பகலில் உயரத்துக்கு ஏறு, இரவில் இறங்கி வந்து தூங்கு. எவரெஸ்ட்டில் அடிவார முகாமிலிருந்து கிளம்பி சுமார் 6,000 மீட்டரில் முதல் முகாம், 6,400-ல் இரண்டாவது முகாம் என்று போய்த் தங்கி, 7,200 மீட்டரளவில் இருக்கும் மூன்றாவது முகாமைத் தொட்டுவிட்டு, மறுபடி அடிவாரத்துக்கே இறங்கிவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு வீண் வேலையாகத் தெரியும். உடம்புக்கோ அது வெயிலும் மோரும்.

உள்ளே என்ன நடக்கிறது? முதலில் மூச்சும் இதயத் துடிப்பும் வேகமெடுக்கின்றன. திடீர் விருந்தாளி வந்ததும் அவசரத்துக்கு உப்புமா கிண்டுவது போல இது உடனடிச் சமாளிப்பு. பிறகு சிறுநீரகம், 'ஆக்ஸிஜன் போதவில்லை, சிவப்பணுக்கள் கூடுதலாக வேண்டும்' என்று எலும்பு மஜ்ஜைக்கு ஹார்மோன் மூலம் ஆள் அனுப்புகிறது. இது இட்லிக்கு ஊறப்போடுகிற கதை. பலன் கைக்கு வர வாரக்கணக்காகும். சிவப்பணு கூடக் கூட ரத்தம் ரசம் பதத்திலிருந்து குழம்பு பதத்துக்குப் போகிறது. அதனால்தான் தாகமே இல்லாவிட்டாலும் நாளைக்கு 3, 4 லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி விரட்டிக்கொண்டே இருப்பார்கள்.

மாவு புளிக்கும் நேரத்தை எந்த உயர்ரகக் கிரைண்டராலும் குறைக்க முடியாது. அதுபோல, எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் உடம்பு உயரத்துக்குப் பழகும் நேரத்தை அந்தப் பலம் குறைக்காது. சொல்லப்போனால் பலசாலிக்குத்தான் ஆபத்து அதிகம். கால் வலிக்காததால் உடம்பு பழகுவதற்கு முன்பே மேலே போய்விடுவார். இளைஞர்களை அழைத்துப்போகும்போது பயிற்சியாளர்கள் கவலைப்படுவது இதற்காகத்தான்.

இந்திய ராணுவம் தன் வீரர்களுக்கே இதில் சலுகை கொடுப்பதில்லை. 9,000 அடியில் 6 நாள், 12,000 அடியில் 4 நாள், 15,000 அடியில் 4 நாள் என்று மூன்று கட்டமாகப் பழக்குகிறது. தொடக்கத்தில் 2 நாள் ஓய்வுதான். பிறகு கொஞ்சம் நடை, அதன் பிறகே ஏற்றம்.

ஆகவே: தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்

அவசரப்பட்டால் என்ன ஆகும்? புது மண்பானையில் தண்ணீர் ஊற்றினால் சுவர் வழியே கசியும். அழுத்தம் ஏறிய நுரையீரலின் நுண்குழாய்களும் அப்படிக் கசிந்து, காற்று இருக்க வேண்டிய அறைகளில் நீர் கோத்துக்கொள்ளும். இருமலும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பும் அதன் அறிகுறி. இன்னொன்று மூளை வீக்கம். சின்ன டப்பா நிறையக் கொண்டைக்கடலை போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி வையுங்கள். கடலை ஊறி வீங்கும், விரிய இடம் இருக்காது. மண்டையோடு அந்த டப்பாதான். நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் கால் பின்னும், பேச்சு குழறும். இரண்டுக்குமே முதல் வைத்தியம் ஒன்றுதான்: உடனே கீழே இறங்க வேண்டும்.

மூளை வீக்கம் பெரும்பாலும் ஒரு சாதாரணத் தலைவலியில்தான் தொடங்குகிறது. அதனால் முகாமில் ஒவ்வொரு காலையும் கேள்விகள் உண்டு. தூங்கினாயா? சாப்பிட்டாயா? குமட்டுகிறதா? தலை வலிக்கிறதா? விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்ப்பார்கள். ஊரில் 95-க்கு மேல் காட்டும் கருவி, அடிவார முகாமில் 80-களில் காட்டினாலே சரி.

இப்போது 19 வயதுப் பிள்ளை ஒருவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டு உழைப்பு. தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். 'நல்லா இருக்கேன் சார்' என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? கருவி எண்ணைக் காட்டும், வலியைக் காட்டாது. அதைப் பிள்ளைதான் வாய்திறந்து சொல்ல வேண்டும். 'சொன்னதற்காக யாரையும் குறைத்து எடைபோட மாட்டோம்' என்று பயிற்சியாளர் நாள்தோறும் நடந்து காட்டினால்தான் அந்த வாய் திறக்கும். மலைக்கு அனுப்பத் தகுதியானவர் யார் என்று என்னைக் கேட்டால், தலை வலிக்கும்போது வலிக்கிறது என்று சொல்பவர்தான் என்பேன். கயிற்றின் மறுமுனையில் இருப்பவரின் உயிரும் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

கடைசியாக: அடுப்பை அணைக்கும் நேரம்

எல்லாம் முடிந்த பிறகும் காத்திருக்க வேண்டும். உச்சியில் ஆண்டின் பெரும்பகுதி கடும்காற்று அடிக்கும். மே மாதத்தில், பருவமழைக்கு முன், அந்தக் காற்று வடக்கே நகர்ந்து சில நாள் வழிவிடும். திறந்த வெளியில் அடுப்பு மூட்டக் காற்று ஓயும்வரை தீக்குச்சியோடு காத்திருப்போமே, அதுபோல அணி அடிவாரத்தில் காத்திருக்கும். வழி கிடைத்ததும் ஏறும்.

ஏறும்போதே திரும்பும் நேரத்தையும் குறித்துக்கொண்டு போவார்கள். அந்த நேரம் வந்தால் உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். இறங்குவதற்கும் பலமும் வெளிச்சமும் வேண்டுமல்லவா? பால் பொங்கி வரும்போது கண்ணை எடுக்காமல் நின்று, சரியான நொடியில் அடுப்பை அணைப்பதும் சமையல்தான். ஒரு நொடி ஆசைப்பட்டால் அத்தனையும் வழிந்துவிடும்.

15 பேரில் 5 பேர் கடைசி அணியில் இல்லை. எனக்கு அவர்களைப் பற்றியும் நினைப்பு வருகிறது. அரிக்கஞ்சட்டியில் அம்மாச்சி ஒரே தடவையில் எல்லா அரிசியையும் அலசிவிட மாட்டார். சட்டியில் தங்கும் கடைசிப் பிடி அரிசிக்கு மறுபடி தண்ணீர் ஊற்றி, இன்னொரு தடவை அலசுவார். அது கல் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.