கல்லீரலில் உருவாகும் விஷம்

நான் கள்ளக்குறிச்சிக்காரி, கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, நொதிகள் பாடத்தை அந்த ஊர்ப் பெயரைச் சொல்லாமல் என்னால் தொடங்க முடிவதில்லை.

கல்வராயன் மலையில் வெல்லமும் மரப்பட்டையும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சினால் வருவது பெரும்பாலும் எத்தனால். கருணாபுரத்துப் பாக்கெட்டில் இருந்ததோ ஆலைகளுக்கான மெத்தனால். இரண்டையும் நாக்கு பிரித்தறியாது. மெத்தனால் குடித்த உடனே கொல்வதும் இல்லை. கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்ற, இன்னொரு நொதி ஃபார்மிக் அமிலமாக்குகிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும், பார்வை நரம்பைக் கெடுப்பதும், உயிரை எடுப்பதும் அந்த அமிலம்தான். நம் உடம்பின் நொதியே விஷத்தைத் தயாரித்துக் கொடுக்கிறது என்பதை எத்தனை முறை நடத்தினாலும் மனசு ஆறுவதில்லை.

எலிக்கு மெத்தனால் கொடுத்தால் மனிதரைப் போல அது பார்வை இழப்பதில்லை. ஃபார்மிக் அமிலத்தை வேகமாக அழித்துவிடும். ஆகவே மனித நொதியையே ஆராய வேண்டியிருக்கிறது. அதற்காக யார் கல்லீரலையும் இப்போது தேட வேண்டாம். ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸுக்கான மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி வளர்த்தால், அதுவே நொதியைச் செய்து தரும். நொதியின் நுனியில் 6 ஹிஸ்டிடின்களைச் சேர்த்து வைத்தால் நிக்கல் பூசிய பிசின் அதை மட்டும் பிடித்துக்கொள்ளும். மற்ற புரதங்களைக் கழுவிவிடலாம்.

அந்த நொதியோடு ஆல்கஹாலையும் என்ஏடி என்ற துணைப்பொருளையும் சிறு கண்ணாடிக் குழாயில் கலந்து, 340 நானோமீட்டர் ஒளியில் வைத்தால் ஒளி உறிஞ்சப்படும் அளவைக் காட்டும் எண் கருவியில் ஏறிக்கொண்டே போகும்: நொதி வேலை செய்கிறது. ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்தை ஒரு துளி விட்டதும் ஏற்றம் தளர்ந்து நிற்கும். இந்தச் சேர்மம் மனிதக் கல்லீரல் நொதியைத் தடுப்பதை லீயும் தியோரலும் 1969இல் காட்டினார்கள். மெத்தனால் நஞ்சுக்கு அமெரிக்கா அதை அனுமதித்தது 2000இல். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது சேர்ந்தது 2013இல். மருந்து இல்லாத இடத்தில் டாக்டர்கள் அளந்து எத்தனால் ஏற்றுவார்கள். நொதி மெத்தனாலை விட எத்தனாலையே முதலில் பற்றும். வீட்டில் செய்கிற வைத்தியம் இல்லை இது.

அறிகுறி தெரிய பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். சேர்ந்து குடித்தவர்களில் ஒருவருக்கு வாந்தி, கண் மங்கல் என்றால், நன்றாக இருப்பவர்களும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர்கள் உடம்பில் இன்னும் அமிலமாகாத மெத்தனால் இருக்கும். மருந்தால் நிறுத்தக்கூடியது அந்த மாற்றத்தைத்தான்.