இணைப்பு மறுக்கப்பட்டால் கதவைத் திறந்துவிடாதீர்கள்

கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடையோ பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷன் மையமோ, வாடிக்கையாளரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பாக்கிக் கணக்கும் இப்போது பெரும்பாலும் கணினியில்தான். அந்தத் தரவுத்தள மென்பொருளை நிறுவும் நாளில் திரையில் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்து நிற்கும். உதவிக்கு வருபவர் பலர் “ஃபயர்வாலை நிறுத்திப் பாருங்க” என்பார்கள். இல்லையென்றால் முகவரியை 0.0.0.0 என்று மாற்றுவார்கள். பிழை சில வேளை மறைந்துவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

127.0.0.1 என்றால் அந்தக் கணினி தனக்குள்ளேயே பேசிக்கொள்கிறது. 0.0.0.0 என்றால் எந்த வலைப்பின்னல் வழியாக யார் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறது. வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரில் இப்படிச் செய்தால், உலகமே உள்ளே வரலாம்.

2017 ஜனவரியில் நடந்தது அதுதான். கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மொங்கோடிபி தரவுத்தளங்கள் பல்லாயிரக்கணக்கில் அழிக்கப்பட்டன. தரவு வேண்டுமானால் பிட்காயின் அனுப்பு என்ற குறிப்பு மட்டும் மிஞ்சியது. பணம் கட்டியும் பலருக்குத் தரவு திரும்பவில்லை, ஏனென்றால் திருடர்கள் பல இடங்களில் நகல் எடுக்காமலேயே அழித்திருந்தார்கள்.

பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தாலே பாதி வழி கிடைக்கும். ‘மறுக்கப்பட்டது’ என்றால் பெரும்பாலும் சேவை இன்னும் ஓடத் தொடங்கவில்லை, அல்லது போர்ட் எண் தவறு. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு வழக்கமான எண் 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306. பதிலே வராமல் நேரம் கடந்துபோனால்தான் ஃபயர்வாலையும் முகவரியையும் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் தேவையான ஒரு போர்ட்டை, தேவையான கணினிக்கு மட்டும் அனுமதித்தால் போதும். மென்பொருளைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்தினால், ஒரு கொள்கலனுக்குள் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பது அந்தக் கொள்கலனையே குறிக்கும். பக்கத்துக் கொள்கலனை அதன் சேவைப் பெயரால்தான் அழைக்க வேண்டும். லினக்ஸில் டாக்கர் வெளியிடும் போர்ட், யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைத் தாண்டிப் போய்விடும். அனுபவசாலிகளே சறுக்கும் இடம் இது. போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 என்று எழுதிவிட்டால் அந்த வழி அடைபடும்.

தவறினால் சட்டம் சும்மா விடாது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 2024-இல் திருத்தப்பட்டது. அதன் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை, சிறை 3 ஆண்டு வரை. தரவைப் பாதுகாக்கும் கடமை, கடைக்காரருக்காக அதைக் கையாளும் நிறுவனத்தையும் இப்போது நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. 2025 ஜூன் 1 முதல், கடுமையான பாதிப்பு தரக்கூடிய கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவித்தாக வேண்டும். அடுத்த 7 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

கசிவு தெரிந்தால் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, பதிவேடுகளை அழிக்காமல் வைத்து, சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையில் புகார் செய்யலாம். தன்னைப் பற்றிய என்ன விவரம் ஒரு கடையில் இருக்கிறது என்று கேட்கவும், தவறைத் திருத்தச் சொல்லவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. மறுத்தால் ஆணையரிடம் போகலாம். ஆனால் மத்திய, மாநில அரசுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மக்களின் விவரங்களை அதிகம் வைத்திருப்பதே அரசுதான் என்னும்போது, இது அடைக்கப்பட வேண்டிய ஓட்டை.