புதிய மீன்தொட்டியும் மலைநாட்டு நீரும்

பதுளை நகரிலே நான்கு கப்பிகளும் இரண்டு பொன்மீன்களும் வாங்கிச் சென்ற மாணவன், பத்து நாள் கழியுமுன் வெறுந்தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது அரிய காட்சியன்று. நீரோ தோட்டத்துப் பீலியிற் பிடித்தது, பளிங்கு போன்றது. அத்தகைய நீரில் மீன் மாண்டது யாது காரணம்பற்றி?

மீன், செவுள் வழியாக இடையறாது அமோனியாவை வெளியிடுகின்றது. உண்ணாது எஞ்சிய இரையும் அழுகி அதனையே தருகின்றது. துன்ஹிந்தவில் வீழும் பதுளு ஓயாவிலும் மீன்கள் வாழ்கின்றன. ஆயின் ஓடும் நீர் கழிவை அகற்றுவதோடு, கற்களிற் படிந்த வழுவழுப்பான படலத்தில் வாழும் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. முன்னைய இரண்டும் கொடிய நஞ்சுகள். பின்னையது பெருகினாலன்றித் தீங்கு செய்யாது. புதுத்தொட்டியிலே இப்படலம் இல்லை.

1877ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர்களான ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்போர், மணலும் சுண்ணக்கல்லும் இட்ட குழாயிற் கழிவுநீரை மெல்ல வடியவிட்டனர். முதல் 20 நாள்கள் அமோனியா மாறவில்லை. அதன்பின் நைத்திரேற்று தோன்றியது. குளோரபோம் ஆவி செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆகவே இது உயிர்களின் தொழில் என்பது புலனாயிற்று. அவ்வுயிர்களைப் பின்னர் பிரித்தெடுத்தவர் வினோகிராட்ஸ்கி. அக்குழாயின் காத்திருப்பே இன்று மீன்தொட்டி வைப்போருக்கும் விதிக்கப்பட்டுள்ளது. நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்தல் வேண்டும். பண்டாரவளை, அப்புத்தளை முதலிய குளிர்ந்த இடங்களில் இன்னுஞ் சில வாரங்கள் கூடலாம்.

குழாயிற் சுண்ணக்கல் இருந்ததும் கருதத்தக்கது. தேயிலை அமிலநிலத்தை விரும்புவது. அத்தகைய மலைச்சரிவின் ஊற்றுநீர் பெரும்பாலும் மென்னீர். 1 மில்லிகிராம் அமோனியா நைதரசனை மாற்றுதற்கு, ஏறத்தாழ 7 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்கு நிகரான காரத்தன்மை செலவாகின்றது. மென்னீரில் அச்சேமிப்பு விரைவில் தீர்ந்து பீ.எச். 6க்குக் கீழிறங்கினால் பற்றீரியாக்கள் ஏறக்குறைய ஓய்ந்துவிடும்.

அப்போதும் மீன் உடனே சாவதில்லை. ஏமாற்றம் இங்கேதான் உள்ளது. அமில நீரில் அமோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அமோனியமாகவே அடங்கிக் கிடக்கும். 25 பாகை வெப்பத்தில், பீ.எச். 7 ஆயின் நச்சு வடிவம் ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கு. 8 ஆயின் இருபதில் ஒரு பங்கு. நாட்பட்ட அமிலத்தைத் திருத்த எண்ணி ஒருவன் திடீரெனச் சுண்ணாம்பு கரைத்தால், அடங்கிக் கிடந்தது முழுதும் விழித்தெழும். மறுநாட் காலையில் மீன்கள் மிதக்கும். பரிகாரமே கொலையாயிற்று!

ஆகலின் தொடக்கத்திலேயே நொறுக்கிய சிப்பி ஓட்டைத் துணிப்பையிற் கட்டி வடிகட்டியருகே இடுதல் நன்று; அது மெல்லக் கரையும். நோயற்ற பழைய தொட்டியின் சரளைக்கல் ஒரு பிடி கிடைப்பின், காத்திருப்பு வெகுவாகக் குறையும். மீனின்றி, நாள்தோறும் சிறிது இரை மட்டும் இட்டுக் காற்றுக் குழாயை ஓடவிடுக. பசளையிட்ட தேயிலை மலைக்குக் கீழே மழைக்குப்பின் நீர் பிடித்தலாகாது. யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் கலந்திருத்தல் கூடும். நகரக் குழாய்நீராயின், குளோரீன் நீங்க ஒரு நாள் திறந்து வைக்கவேண்டும்.

மீனை முன்னரே விட்டுவிட்டவர், இரையைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் காற்பங்கு நீரை மாற்றுவாராக. செவுள் பழுப்பேறி மீன் மேற்பரப்பில் மூச்சுக்குத் தவித்தால் நைத்திரைற்று இரத்தத்திற் புகுந்ததெனக் கொள்ளலாம். சிறிதளவு கறியுப்பு அதன் நுழைவைத் தடுக்கும். சோதனையில் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையெனக் கண்ட பின்னரே, இரண்டு மூன்று மீன்களாகச் சேர்க்கலாம். வடிகட்டிப் பஞ்சை மட்டும் குழாய்நீரிற் கழுவாது, தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழிதல் வேண்டும்.