வாயுக் கலவையில் மோல் பின்னம்

நிலக்கரிப் படிவுகளில் அடைபட்டிருக்கும் மீதேன் வாயு, கரி வெட்டப்படும்போது வெளிப்பட்டுச் சுரங்கக் காற்றுடன் கலக்கின்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் அதன் அளவு 100க்கு 5 முதல் 15 வரை இருப்பின், ஒரு சிறு தீப்பொறியும் வெடிப்பை விளைவிக்கப் போதுமானது. மேற்கு வங்காளத்தின் சினாக்குரி சுரங்கத்தில் 1958 பிப்ரவரி 19ஆம் நாள் நேர்ந்த வாயு வெடிப்பில் 170க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆதலின், '100க்கு 5' என்பது எதன் விகிதம் என்பதை ஐயமற அறிதல் வேண்டும்.

அது எடை விகிதம் அன்று. கன அளவின் விகிதம். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமமாகவே இருக்கும் என்பது 1811இல் அவகாட்ரோ வெளியிட்ட கருத்தாகும். எனவே, சாதாரண அழுத்தத்திலுள்ள வாயுக் கலவையில் கன அளவு விகிதமும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை விகிதமும் ஒன்றே எனக் கொள்ளலாம். இவ்வெண்ணிக்கை விகிதமே மோல் பின்னம் எனப்படும்.

இதனைக் கணக்கிடும் முறை எளிது. ஒவ்வொரு வாயுவின் எடையையும் (கிராமில்) அதன் மூலக்கூறு எடையால் வகுத்தால் மோல்களின் எண்ணிக்கை கிடைக்கும். ஒரு வாயுவின் மோல்களை மொத்த மோல்களால் வகுத்தால் அதன் மோல் பின்னம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 100 கிராம் சுரங்கக் காற்றில் 3 கிராம் மீதேனும் 97 கிராம் காற்றும் உள்ளன என்க. மீதேனின் மூலக்கூறு எடை 16. காற்றின் சராசரி மூலக்கூறு எடை ஏறத்தாழ 29.

மீதேன்: 3 ÷ 16 = 0.1875 மோல்
காற்று: 97 ÷ 29 = 3.3448 மோல்
மொத்தம்: 3.5323 மோல்
மீதேனின் மோல் பின்னம்: 0.1875 ÷ 3.5323 = 0.053

எடையால் 100க்கு 3 மட்டுமே; ஆயினும் கன அளவால் 5.3. எடையை மட்டும் நோக்குபவர் அபாயமில்லை என்று கருதக்கூடிய இக்கலவை, உண்மையில் வெடிக்கும் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. மீதேன் காற்றைவிட இலேசானது; குறைந்த எடையிலேயே மிகுதியான மூலக்கூறுகளைக் கொண்டது. இதுவே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

மோல் பின்னத்தை மொத்த அழுத்தத்தால் பெருக்கினால் அவ்வாயுவின் பகுதி அழுத்தம் கிடைக்கும். டால்டன் கண்ட இவ்விதிப்படி, மொத்த அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசமாயின், மேற்கூறிய மீதேனின் பங்கு ஏறத்தாழ 40 மில்லிமீட்டர்.

நம் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் மீதேன் 1.25 சதவீதத்தை மீறினால் மின்னோட்டத்தைத் துண்டித்தல் வேண்டும். இதுவும் கன அளவுச் சதவீதமே. எடையில் ஏறத்தாழ 0.69 சதவீதம்தான். ஆசிரியர்கள் இந்த மாற்றத்தை மாணவர்களுக்குப் பயிற்சியாக அளிக்கலாம். எல்லா மோல் பின்னங்களின் கூட்டுத்தொகை 1 ஆதல் வேண்டும் என்பதைக் கொண்டு விடையைச் சரிபார்க்கலாம். களப்பணியாளர்கள் தம் அறிக்கையில் சதவீதத்தைக் குறிக்குமிடத்து, அது எடையாலா, கன அளவாலா என்பதையும் தவறாது எழுதுவார்களாக.